விழாத வண்டி பிறந்த ஊர்

கோயம்புத்தூர்க்காரன் ஒருத்தன் வீட்டில் வந்து, "நான் மான்செஸ்டர் போறேன்" என்று சொன்னால் என்ன பதில் வரும்? எங்கள் அப்பிச்சி கேட்டது இது: "அப்ப நம்மூரு என்ன கண்ணு?"

நியாயமான கேள்விதான். 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பாடப்புத்தகத்தில் படித்து, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவர்கள் நாம். அப்பிச்சி அதை எழுதவில்லை, வாழ்ந்தார். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் 31 வருஷம் ஸ்பின்னிங் ஜாபர். மெஷின் சத்தத்தை வைத்தே எந்த வரிசையில் நூல் அறுகிறது என்று சொல்லிவிடுவார். மில்லை மூடி ரொம்ப வருஷமாச்சு. ரெண்டு வருஷம் முன்னால் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து வீல்சேர். எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மூணே படி. அந்த மூணு படியைத் தாண்ட ரெண்டு ஆள் அவரை சேரோடு தூக்க வேண்டும். "என்னைய மூட்டையாட்டம் தூக்காதீங்கடா" என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்குத் தவிர கீழே இறங்குவதையே விட்டுவிட்டார். டீக்கடை பெஞ்சும் போச்சு, பேப்பர் சண்டையும் போச்சு.

நான் போனது இங்கிலாந்து மான்செஸ்டருக்கு அல்ல, பாஸ். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு மான்செஸ்டர் இருக்கிறது. அக்காவும் மாமாவும் அதற்குத் தெற்கே 30 கிலோமீட்டர் தள்ளி நாஷுவாவில் இருக்கிறார்கள். அக்கா குழந்தையைப் பார்க்க அப்பாவுக்குத் துணையாகப் போன அக்டோபரில் கிளம்பினேன். ஆனால் என் மனசில் இருந்த பயண நோக்கம் வேறு. செக்வே!

பார்த்திருப்பீர்கள். ரெண்டே சக்கரம், அதுவும் முன்னும் பின்னும் இல்லை, பக்கத்துப் பக்கத்தில். நடுவில் ஒரு பலகை, எதிரே ஒரு கம்பு. ஆள் ஏறி நின்று முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். ஐ.பி.எல். மைதானத்தில் கேமராமேன் இதில்தான் சர்ரென்று ஓடுவார். 2020-ல் மும்பை போலீஸ் கடற்கரைச் சாலை ரோந்துக்கு வாங்கியதும் இதே ஜாதி வண்டிதான்.

எனக்கும் அதுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. ஃபைனல் இயர் மெக்கட்ரானிக்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஷூ பெட்டி சைஸில் ஒரு ரெண்டு சக்கர ரோபோ செய்தோம். ஒரு ஆர்டுயினோ போர்டு, சாய்வைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன சென்சார், ரெண்டு மோட்டார். நாலு மாசம் தூக்கம் இல்லை. ரிவ்யூ அன்று 11 செகண்ட் கம்பீரமாக நின்றது. அப்புறம் டேபிளிலிருந்து தலைகீழாக விழுந்தது. ஹெச்.ஓ.டி. சிரிக்கவில்லை. "நல்லாத்தான்பா நின்னுது. சரி, இதை எங்க ஓட்டுவே?" என்றார். க்ளாஸே சிரித்தது. மார்க் குறைந்ததுகூட மறந்துபோச்சு. அந்தக் கேள்வி மட்டும் பிளேன் ஏறி என் கூடவே வந்துவிட்டது.

நாஷுவாவில் இறங்கிய மூணாம் நாள் அதிர்ஷ்டம் அடித்தது. பக்கத்து வீட்டுத் தாத்தா ரிட்டயர்டு எலெக்ட்ரிகல் இன்ஜினீயர். மாமா எதேச்சையாக என் ப்ராஜெக்ட் பற்றி அவரிடம் சொல்ல, மனுஷர் ஒண்ணும் பேசாமல் கராஜ் கதவைத் தூக்கினார். உள்ளே புல்வெட்டும் மெஷினுக்கும் பனி தள்ளும் மண்வெட்டிக்கும் நடுவில், போர்வை போர்த்திய ஒரு முதல் தலைமுறை செக்வே! 2003-ல் வாங்கியதாம். அப்போது அதன் விலை கிட்டத்தட்ட 5,000 டாலர். "என் பெண்டாட்டி இன்னும் அதைப் பத்திப் பேசுறா" என்றார்.

அந்தக் காலத்து செக்வேக்கு மூணு கலரில் சாவி வரும். கறுப்புச் சாவி கத்துக்குட்டிகளுக்கு, மணிக்கு 6 மைலைத் தாண்டாது. மஞ்சள் நடைபாதைக்கு, 8 மைல். சிவப்பு திறந்த வெளிக்கு, 12.5 மைல், அதாவது சுமார் 20 கிலோமீட்டர். எனக்குக் கறுப்புதான் கிடைத்தது. ஹெல்மெட் மாட்டி ஏறினால், வண்டி கிடுகிடுவென்று நடுங்குகிறது. "வண்டி ரிப்பேரா?" என்றேன். "வண்டி நடுங்கலை, நீ நடுங்குறே. அது உன்னைக் காப்பி அடிக்குது" என்றார் தாத்தா. கால் பெருவிரலை லேசாக அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். போச்சு! நினைத்தேன், நகர்ந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும். இடது கைப்பிடியைத் திருகினால் வண்டி திரும்பும். கம்பையே சாய்த்துத் திருப்பும் வசதி 2006 மாடலில்தான் வந்தது. ஓடும்போது வருகிற சத்தம்கூட இரைச்சலாக இல்லை. கியர் பற்கள் எழுப்பும் ஒலிகள் ஸ்வரம் சேரும்படி அளவெடுத்து வடிவமைத்திருக்கிறார்கள். அப்பிச்சி கேட்டிருந்தால் கண்ணை மூடித் தலையாட்டியிருப்பார்.

மூணாவது ரவுண்டில் கொஞ்சம் ஹீரோயிசம் காட்டப் போய், அக்டோபர் மாசத்து இலைக்குவியலுக்குள் நெடுஞ்சாண்கிடை. அக்கா அதை ஃபோனில் எடுத்து குடும்ப குரூப்பில் போட்டுவிட்டாள். பரவாயில்லை, அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷே 2003 ஜூனில் இதில் ஏறப் போய்த் தடுமாறி, கேமரா முன்னால் குதித்துத் தப்பித்திருக்கிறார்.

இது எப்படி விழாமல் நிற்கிறது? விளக்குமாற்றுக் குச்சியை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடியிருக்கிறீர்களா? குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையை நகர்த்துவோம். செக்வேயில் நாம்தான் குச்சி, சக்கரம்தான் கை. நாம் முன்னால் சாய்ந்தால், விழுவதற்குள் சக்கரம் ஓடி நம் காலுக்கு அடியில் வந்துவிடும். முதல் மாடலில் 5 கைரோ சென்சார்கள். வேலைக்குத் தேவை மூணுதான், மிச்சம் உபரிப் பாதுகாப்புக்கு. ஒரு செகண்டுக்கு 100 தடவை சாய்வைக் கணக்குப் பார்த்து மோட்டாரை முடுக்கும். உண்மையில் அது 'விழாத' வண்டியே இல்லை. ஒவ்வொரு நொடியும் விழுந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாய்ந்த ஆளை நிமிர்த்த வேண்டுமானால் வண்டி அவரைவிடக் கொஞ்சம் வேகமாக ஓட வேண்டும். அதற்குக் கையிருப்பில் எப்போதும் சக்தி வேண்டும். பேட்டரி தீரும் நேரத்தில் அந்தக் கையிருப்பு இல்லை என்றால்? ஆள் குப்புற! 2003 செப்டம்பரில் அதுவரை விற்ற சுமார் 6,000 வண்டிகளையும் சாஃப்ட்வேர் மாற்றுவதற்காகத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். எங்கள் ரோபோ 12-வது செகண்டில் ஏன் விழுந்தது என்று எனக்கு உறைத்ததும் அந்தக் கராஜ் வாசலில்தான். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி பூரா ஓட்டிப் பார்த்தோமே, பேட்டரியைச் சார்ஜில் போட்டோமா?

ஞாயிற்றுக்கிழமை மாமா காரில் மான்செஸ்டர் கிளம்பினோம். வழியில் பெட்ஃபோர்ட். செக்வே தொழிற்சாலை இருந்த ஊர். கடைசி வண்டிகள் 2020 ஜூலையில் அங்கே செய்யப்பட்டன, அத்தோடு உற்பத்தி நின்றது. மாமா வேகத்தைக் குறைத்தார். ஆனால் 'அதோ!' என்று காட்ட ஒன்றும் இல்லை.

இந்த வண்டிக்குக் கிடைத்த பில்டப் மாதிரி ஒரு சினிமாவுக்குக்கூடக் கிடைத்ததில்லை. 2001 தொடக்கத்தில், ரகசியமாக ஏதோ ஒன்று தயாராகிறது என்று செய்தி கசிந்தது. பெயர் தெரியாததால் அமெரிக்கப் பத்திரிகைகள் 'அது' என்றே எழுதின. ஸ்டீவ் ஜாப்ஸும் ஜெஃப் பெசோஸும் முன்கூட்டியே பார்த்துவிட்டார்கள் என்றதும் பரபரப்பு எகிறியது. பறக்கும் கார் என்றான் ஒருத்தன். கடைசியில் 2001 டிசம்பர் 3-ம் தேதி நியூயார்க் பூங்கா ஒன்றில் டி.வி. கேமரா முன்னால் திரை விலகியது. ஒரு மனுஷன் நின்றுகொண்டு போகும் பலகை! 'இவ்வளவுதானா?' என்று கேட்டது உலகம்.

வாரத்துக்கு 10,000 வண்டி விற்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். எத்தனை விற்றது என்று கம்பெனி வாயே திறக்கவில்லை. 2006 செப்டம்பரில் இன்னொரு கோளாறுக்காக எல்லா வண்டியையும் திரும்ப அழைத்தபோதுதான் குட்டு உடைந்தது. மொத்தமே 23,500! 2020-ல் கடையைக் கட்டும் வரை விற்றது சுமார் 1,40,000. போட்ட கணக்குப்படி 14 வாரத்தில் விற்றிருக்க வேண்டியதை 18 வருஷத்துக்கு மேல் விற்றிருக்கிறார்கள்.

வண்டியில் குறையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடைபாதையில் ஓட்டினால் நடப்பவர்களுக்கு பயம். ரோட்டில் ஓட்டினால் கார்கள் நம்மை விடாது. முதல் தனி ஆள் கைக்கு வண்டி போய்ச் சேருவதற்குள்ளேயே சான் ஃபிரான்சிஸ்கோ நடைபாதையில் அதற்குத் தடை போட்டுவிட்டது. ப்ராக் நகரம் 2016-ல் பழைய டவுனை விட்டே விரட்டியது. அந்த வண்டி எந்தத் தெருவில் ஓடலாம் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. சொல்லவே கசக்கிறது, இது எங்கள் ஹெச்.ஓ.டி. கேட்ட அதே கேள்வி.

மான்செஸ்டருக்குள் நுழைந்ததும் நான் செக்வேயை மறந்துவிட்டேன். மெரிமாக் நதிக்கரையில் ஒரு மைலுக்கு மேல் நீளமாக, சிவப்புச் செங்கலில், மில்... மில்... மில்! 19-ம் நூற்றாண்டுக் கட்டடங்கள். வரிசையாக நூற்றுக்கணக்கில் ஜன்னல்கள், நடுநடுவே மணிக்கூண்டுகள். இந்த ஊருக்கு முதலில் டெர்ரிஃபீல்டு என்று பெயர். இங்கிலாந்து மான்செஸ்டர் போலவே ஆக வேண்டும் என்ற ஆசையில் 1810-ல் பெயரை மாற்றினார்கள். ஆகவும் ஆனது. அமோஸ்கேக் என்ற மில் கம்பெனியில் உச்சத்தில் 17,000 பேர் வேலை பார்த்தார்கள். எல்லாத் தறியையும் சேர்த்தால் மணிக்கு 50 மைல் நீளத் துணி வெளியே வந்தது என்கிறார்கள். அதாவது, இந்த ஊர்த் துணி செக்வேயைவிட நாலு மடங்கு வேகம்! 1922-ல் ஒன்பது மாதம் ஸ்ட்ரைக். 1935 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மில்லை மூடிவிட்டார்கள்.

அந்தத் தேதியைக் கேட்டதும் எனக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை ஞாபகம் வந்தது. அப்பிச்சியின் மில் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் மூடியது. அதை அம்மா இன்னும் ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வாள். எங்கள் ஊரில் மில் இருந்த இடங்களில் பாதி அபார்ட்மென்ட், மீதி மால். இவர்களும் 1960, 70-களில் சில கட்டடங்களை இடித்து, மில் வாய்க்கால்களையும் தூர்த்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலானவற்றை விட்டுவைத்தார்கள். ஒரு மில்லுக்குள் இப்போது யுனிவர்சிட்டி வளாகமே நடக்கிறது. நூல் சுற்றிய தளத்தில் பசங்க லேப்டாப் திறந்து உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

இன்னொரு மில்லில் ஒரு சயின்ஸ் சென்டர். அதற்குள் இதே மில் வளாகத்தை, சுமார் 1900-ம் வருஷத்தில் இருந்தபடி, கிட்டத்தட்ட 30 லட்சம் லெகோ கட்டிகளில் கட்டி வைத்திருக்கிறார்கள். 8,000 குட்டி மனிதர்கள். நான் அதைச் சுற்றி ஒரு மணி நேரம் வந்தேன். மாமாவுக்குப் பசி வந்து கோபமும் வந்துவிட்டது.

சரி, செக்வே இங்கே எங்கிருந்து வந்தது? மூடின மில் கட்டடங்களை 1980-களில் வாங்கி, அதில் ஆராய்ச்சிக்கூடம் வைத்தவர் டீன் கேமன். காலேஜில் சேர்ந்து டிகிரி முடிக்காமல் வெளியே வந்தவர். (அரியர் வைத்திருப்பவர்கள் இந்த வரியை அப்பாவிடம் காட்ட வேண்டாம். அவர் அதற்கு முன்பே மருந்தைச் சொட்டுச் சொட்டாக உடம்பில் ஏற்றும் பம்ப் கண்டுபிடித்துவிட்டார்.) ஸ்கூல் பசங்க ரோபோ கட்டிப் போட்டியிடுகிறார்களே, அந்த 'ஃபர்ஸ்ட்' அமைப்பை 1989-ல் ஆரம்பித்தவரும் அவர்தான்.

எனக்குத் தெரியாமல் இருந்தது அடுத்த விஷயம். கேமன் முதலில் செய்யக் கிளம்பியது செக்வே இல்லை. வீல்சேர்! வீல்சேரில் ஒரு இளைஞர் நடைபாதையின் விளிம்பில் ஏற முடியாமல் தவிப்பதைப் பார்த்துத்தான் ஆரம்பித்தாராம். அந்த நாற்காலியின் பெயர் ஐபாட், அதாவது ஐ-பி-ஓ-டி. பாட்டுக் கேட்கிற ஐபாட் வேறு. பக்கத்துக்கு ரெண்டு பெரிய சக்கரம், ஒன்றை ஒன்று சுற்றி மேலே வரும். அப்படியே படி ஏறும். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பின்னால் ஒருத்தர் துணைக்கு வேண்டும். இன்னொரு வித்தை, ரெண்டு சக்கரத்தில் மட்டும் நிமிர்ந்து நின்று, உட்கார்ந்திருப்பவரை நிற்கிறவர் கண் உயரத்துக்குக் கொண்டுவரும். தள்ளிப் பார்த்தாலும் விழாது. ஆராய்ச்சிக்கூடத்தில் அதற்கு வைத்த செல்லப் பெயர் 'ஃப்ரெட்'. பழைய ஹாலிவுட் டான்ஸ் ஜோடி ஃப்ரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ராஜர்ஸ் ஞாபகமாக. அதே சமநிலை வித்தையை நடக்க முடிகிறவர்களுக்கும் கொடுக்கலாமே என்று பிறந்த தம்பிதான் 'ஜிஞ்சர்', அதாவது செக்வே.

அண்ணனின் கதையும் சுகமில்லை. 2003-ல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. விலை 25,000 டாலருக்கும் மேல். அன்றைய கணக்கில் 11 லட்ச ரூபாய்க்குக் குறையாது. அரசு இன்ஷூரன்ஸ் முழுப் பணம் தர மறுத்தது. 2009-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து, 2019-ல் புது மாடல் ஒன்று திரும்ப வந்தது, இதே மான்செஸ்டரில் இருந்து. தம்பி புகழோடு பிறந்து 2020-ல் போய்ச் சேர, அண்ணன் சத்தமில்லாமல் எழுந்து வந்திருக்கிறார்.

செக்வே என்ற பெயர் மட்டும் வேறு இடத்தில் வாழ்கிறது. 2015-ல் சீனாவின் நைன்பாட் கம்பெனி அதை வாங்கியது. அந்தக் கம்பெனி செய்த சாதாரண எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள்தான், முன்னால் ஒண்ணு பின்னால் ஒண்ணு என்று நம் தாத்தா காலத்துச் சக்கர அமைப்பில், ஊர் ஊராக வாடகைக்கு ஓடின. கைரோவும் இல்லை, வித்தையும் இல்லை. மில் தெருவில் சாயங்காலம் வரை நின்றேன், ஒரு செக்வேகூடக் கண்ணில் படவில்லை. எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் ஒரு பையன் போனான், அதுவும் நடைபாதையில்.

அன்று ராத்திரி வீடியோ கால். இங்கே ராத்திரி ஒன்பது, சிங்காநல்லூரில் காலை ஆறரை. அப்பிச்சி குளிருக்கு மஃப்ளர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் மில் போட்டோக்களைக் காட்டினேன். ஜன்னல்களை எண்ணினார். "காத்தும் வெளிச்சமும் நல்லா வுட்டுருக்கானுங்க" என்றார். அப்புறம் நான் இலைக்குவியலில் விழுந்த வீடியோவுக்குச் சிரித்தார். கடைசியாகக் கேட்டார்: "அந்த வண்டி நம்மூட்டுப் படி ஏறுமா கண்ணு?"

"அது ஏறாதுங் அப்பிச்சி. ஆனா அதோட அண்ணன் ஏறும்" என்று ஐபாட் கதையை ஆரம்பித்தேன். படி ஏறுகிற வீடியோவையும் காட்டினேன். அசையாமல் பார்த்தார். விலையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நம்மூட்டுப் படி என்ன ஒசரம்னு பாத்தியா? அளந்து பாரு மொதல்ல."

ஊர் திரும்பின மறுநாள் டேப் எடுத்து அளந்தேன். முதல் படி எட்டு இஞ்ச். ரெண்டாவது எட்டரை. மூணாவது ஆறு. கொத்தனார் கண்மதிப்பில் கட்டியது. மொத்தம் இருபத்திரண்டரை இஞ்ச். வீல்சேர் போகும் சாய்தளத்துக்கு ஒரு இஞ்ச் உயரத்துக்கு ஒரு அடி நீளம் விடவேண்டும் என்பது கணக்கு. அப்படியானால் இருபத்திரண்டரை அடி வேண்டும். வாசலிலிருந்து சாக்கடை வரை எங்களிடம் இருப்பதோ ஒன்பது அடி!

நாலு மாச ப்ராஜெக்ட்டுக்குப் போடாத மண்டையை இதுக்குப் போட்டேன். நேராகப் போகாமல் திண்ணையை ஒட்டிக் காம்பவுண்டுச் சுவர் பக்கம் திருப்பி, நடுவில் சேர் திரும்ப ஒரு சதுரம் விட்டால் வருகிறது. அம்மாவின் கருவேப்பிலைச் செடி பலியானது. அதுக்கு ரெண்டு நாள் பேச்சில்லை. கொத்தனாருக்கு சூப்பர்வைசர் சாட்சாத் அப்பிச்சி. திண்ணை மேல் சேரில் உட்கார்ந்து, "மட்டப்பலகைய வெச்சுப் பாருப்பா, கண்ணுல பாக்காதே" என்று அதட்டிக்கொண்டே இருந்தார். செலவு ஹோட்டலில் வைக்கிற ஒரு சின்ன பர்த்டே பார்ட்டி அளவுகூட ஆகவில்லை.

பூச்சு முடிந்து 14 நாள் தண்ணி விட்டுக் காயவேண்டும் என்று கொத்தனார் சொன்னார். அப்பிச்சி அதை 21 ஆக்கிவிட்டார். சாக்கு நனைத்துப் போட்டிருக்கிறோம். இன்றைக்கு ஒன்பதாம் நாள். காலையும் சாயங்காலமும் தண்ணி விடுவது என் வேலை. எத்தனை குடம் என்று அவர் மேலேயிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறார்.